சங்கிலிச் சத்தம்

கீழக்கரை
ஞாயிறு ராத்திரி

அன்பு மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். தடைக்காலம் முடிஞ்சு ஜூன் 15-லேருந்து விசைப்படகு கடலுக்குப் போகுது, கரையில மறுபடி ஆள் நடமாட்டம். அக்கா எப்படி இருக்கு?

போன வாரம் சின்னவன் என்னை ராமநாதபுரத்துக்குப் பேய்ப்படம் பார்க்கக் கூட்டிட்டுப் போனான். ஒரு பொண்ணு கை வச்சா எந்த நோயும் தீரும். ஆனா தீர்ற நோயெல்லாம் அவ உடம்புக்குள்ள போய்ச் சேருது. வீட்டு ஆளுங்க காசு பார்க்குறாங்க. தாங்க முடியாம ஒருநாள் அவ அலற ஆரம்பிச்சதும், பேய் பிடிச்சிருச்சுன்னு அறையில கட்டிப் போடுறாங்க. அங்கேயே செத்துப் போறா. அப்புறம் திரும்பி வந்து, யாருகிட்ட எந்த நோயை வாங்கினாளோ அதை அவங்ககிட்டயே கொடுக்குறா. இடைவேளைக்கு அப்புறம் ரத்தத்தைக் கொட்டிக் கெடுத்துட்டாங்க. ஆனா அவ வர்றப்பல்லாம் தரையில சங்கிலி இழுபடுற சத்தம் மட்டும் கேக்கும். எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு.

உனக்கே புரிஞ்சிருக்கும். ஏர்வாடி.

2001 ஆகஸ்ட் 6. அப்ப நான் ஐஸ் வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். விடியக்காலையில, தர்கா பக்கம் மனநலம் சரியில்லாதவங்களைக் கட்டி வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சு, கால்ல சங்கிலியோட ஓட முடியாம 28 பேர் போயிட்டாங்க. நான் போய் நின்னப்ப புகைதான் மிச்சம். கரிஞ்ச கம்பத்தடியில ஒரு சங்கிலி கிடந்துச்சு, நுனியில பூட்டு. பூட்டினது பூட்டினபடியே இருந்துச்சு, மாப்ள.

தர்காவை நான் குறை சொல்லல. எனக்குக் காய்ச்சல்னா எங்கம்மாவும் அந்தத் தண்ணியைத்தான் வாங்கிட்டு வந்து கொடுப்பா. குணமாயிட்டே, வீட்டுக்குப் போன்னு கனவுல உத்தரவு வரட்டும்னு காத்துக் கிடந்தவங்களுக்கு அது பெரிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சுத்திக் கொட்டகை போட்டு மாசக் காசு வாங்கினாங்க பாரு, கொடுமை அங்கதான். உச்ச நீதிமன்றம் தானாவே வழக்கை எடுத்துச்சு. விடுதிகளை மூடி 500 பேருக்கு மேல அரசாங்கம் பொறுப்பேத்துக்கிச்சு. 2017 மனநலச் சட்டத்துல சங்கிலி போடுறதுக்கே தடை. இப்ப தர்காவுல துவாவோட மாத்திரையும் கொடுக்குறாங்க. இந்த ஏற்பாடு அன்னைக்கே இருந்திருக்கக் கூடாதா?

படத்துல அந்தப் பொண்ணு ஒவ்வொருத்தனையா தேடிப் போறப்ப தியேட்டரே விசிலடிச்சுது. என்னால முடியல. அந்த 28 பேரும் எழுந்து வந்தா யாரைத் தேடுவாங்க? பணத்தை மட்டும் அனுப்பிட்டு எட்டியே பார்க்காத வீடுகளைத் தேடுவாங்க. என்னையும் தேடுவாங்க. அந்த ரோட்டுல வண்டியை நிறுத்தி தினம் டீ குடிப்பேன். உள்ளேருந்து சங்கிலிச் சத்தம் கேக்கும். ஐஸ் உருகிடும்னு கிளம்பிடுவேன். ஒருநாள் கூட உள்ள போய்ப் பார்க்கல.

இன்னொண்ணு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, வாப்பா பேச்சை மீறி நீ அக்காவை ஏர்வாடியிலேருந்து மதுரைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனே. தர்காவுல நாப்பது நாள் முடியட்டும்டா, அவசரப்படாதேன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து உன் கையைப் பிடிச்சு இழுத்தவன் நான். நீ உதறிட்டுப் பஸ்ல ஏறினே. இத்தனை வருஷத்துல நீ அதைச் சொல்லிக் காட்டினதே இல்ல. மன்னிச்சுக்க மாப்ள.

அக்கா மாத்திரையை விடாம போடுதான்னு எழுது. நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ பஸ்ல போட்டு விடுறேன், தலை கிள்ளிக் காயவச்சது. அக்காவுக்குன்னு சொல்லிக் கொடு.

உன்
பழைய ஐஸ் வண்டிக்காரன்