ஊஞ்சலோடு நிறுத்திவிட்டீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாணியான ரோக்கோகோ ஓவியங்களைப் பற்றி உங்கள் வார இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் பிரெஞ்சு ஓவியர் ஃபிராகொனார் என்றதும் வழக்கம்போல 1767 அளவில் அவர் தீட்டிய 'ஊஞ்சல்' படத்தைப் போட்டு, இளஞ்சிவப்புப் பாவாடை, காற்றில் பறக்கும் செருப்பு, புதருக்குள் காதலன் என்று முடித்துவிட்டீர்கள். அதே படத்தில் பின்னால் நிழலுக்குள் வயதான ஒருவர் கயிற்றைப் பிடித்து ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருக்கிறார். கட்டுரையில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

சரி, அவரை விடுவோம். 1760களில் ஃபிராகொனார் வேறு கிழவர்களையும் தீட்டியிருக்கிறார். பாரிஸில் ழாக்மார் ஆந்த்ரே அருங்காட்சியகத்தில் ஒரு முதியவரின் தலை இருக்கிறது. ஜெர்மனியில் ஹம்பர்க் கலைக்கூடத்தில் 'தத்துவஞானி' என்ற முட்டை வடிவப் படம் இருக்கிறது. அதில் ஒரு முதியவர் பெரிய புத்தகம் ஒன்றின் மேல் குனிந்து வாசிக்கிறார். இவை காசு கொடுத்த பிரபுவின் பெயர் சொல்லித் தீட்டியவை அல்ல. வயதான முகம் என்ற ஒன்றுக்காகவே தீட்டியவை. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்துப் பழகிய கை அவருடையது. வெனிஸில் தியெப்போலோவும் இப்படித் தாடி வைத்த கிழவர் தலைகளை நிறையத் தீட்டினார். அவர் மகன் ஜியான்டொமெனிக்கோ அப்படியான 60 தலைகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். ஆக, அந்தக் காலத்தவர்கள் ரோஜாக் கன்னம் மட்டும் பார்த்தவர்கள் அல்லர்.

இதை ஏன் நான் எழுதுகிறேன் என்றால், திருகோணமலையில் ஒரு ஸ்டூடியோவில் புகைப்படங்களுக்கு டச் செய்தே, அதாவது முகத்துக் குறைகளைத் திருத்தியே, வயிறு வளர்த்தவன் நான். ஃபிலிம் காலத்துத் தொழில் அது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுப்பாக விழும் சுருக்கம் அங்கே வெளிச்சமான கோடாக நிற்கும். மருந்து தடவி, பென்சில் முனையை உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டி, அந்தக் கோட்டை மெல்ல மெல்ல நிரப்பினால் பிரின்டில் சுருக்கம் மங்கும். எங்கள் முதலாளி சொல்லித் தந்த கணக்கு ஒன்று உண்டு. பருவை எடு, தழும்பைக் கேட்டுவிட்டு எடு, கிழவரின் சுருக்கத்தைக் குறை, ஆனால் ஒருபோதும் அழிக்காதே. அழித்தால் கன்னத்து எலும்பும் சேர்ந்து போய்விடும். அதன் பிறகு அது யாருடைய முகமும் இல்லை.

அந்தக் கண்ணோடு ஃபிராகொனாரின் கிழவர்களைப் பாருங்கள். வெளிச்சம் விழும் நெற்றியிலும் மூக்கிலும் வர்ணத்தைக் கெட்டியாகப் போட்டிருக்கிறார். தூரிகை மயிர் உழுத தடம் தெரிகிறது. நிழல் பக்கம் மெல்லிய பழுப்பு. சுருக்கத்தைக் கோடு கோடாக வரையவில்லை. தூரிகை திரும்பிய இடத்தில் தோல் மடிந்திருக்கிறது, அவ்வளவுதான். வேகமாக வேலை செய்கிறவர். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, அவர் 1769ஆம் ஆண்டு தீட்டிய ஒரு உருவப்படத்தின் பின்னால் ஒரு மணி நேரத்தில் தீட்டியது என்று பழைய கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த வேகம் கிழவரின் முகத்துக்குப் பொருந்துகிறது. வழவழவென்று தேய்த்துக்கொண்டிருக்க நேரமே இல்லை.

இத்தனைக்கும் பாரிஸில் இளைஞர்களே தலைக்கு வெள்ளைப் பவுடர் போட்டுத் திரிந்த காலம் அது. நாம் கறுப்பு மை பூசுகிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பத்திரிகையில் நான் தவறாமல் பார்ப்பது மரண அறிவித்தல் பக்கம். என் வயதில் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு முதியவரைக்கூடக் காணோம். எண்பது வயது என்று எழுதியிருக்கும், படத்தில் முகம் அவித்த முட்டைபோல இருக்கும். நரையைக் கறுப்பாக்கி, கண்ணைப் பெரிதாக்கி, வாழ்நாளில் கோட் போட்டறியாத கடற்தொழிலாளிக்குக் கோட்டும் டையும் ஒட்டிவிடுகிறார்கள். அண்மையில் திருக்கடலூர்ப் பக்கம் ஒரு அம்மாவின் அறிவித்தல் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு, கனடாவில் இருக்கும் என் மச்சாள் தொலைபேசியில் எடுத்து, "ஐயோ, மகளா மோசம் போனது?" என்று அழுதார். வீட்டாருக்குத் தெரியாமல் கடைப் பொடியன் ஒருவன் போனில் ஒரு பொத்தானை அழுத்தியதால் வந்த வினை. முப்பத்தோராம் நாள் வெளியிடும் நினைவு மலரான கல்வெட்டிலும் அதே படம்தான் அச்சாகியிருந்தது. பேரப்பிள்ளைகளிடம் இனி எஞ்சப்போவதும் அதுதான்.

அழகாக இருக்க வேண்டும் என்று வீட்டார்தானே கேட்கிறார்கள் என்பீர்கள். எங்களிடமும் கேட்டார்கள். பென்சில் எங்கள் கையில் இருந்தபடியால் இவ்வளவு போதும் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். இப்போது அந்தச் சொல்லைச் சொல்ல உங்கள் விளம்பரப் பகுதியில் படத்தை வாங்குகிறவர்தான் இருக்கிறார். "இதற்கு முந்திய படம் இருக்கிறதா?" என்று அவர் ஒரு கேள்வி கேட்டாலே போதும். பல வீடுகளில் அலுமாரிக்குள் தொட்டுக் கெடுக்காத படம் ஒன்று கட்டாயம் இருக்கும்.

இன்னொன்று. கட்டுரையில் பிரான்சை ஏதோ எட்டாத தேசம்போல எழுதியிருந்தீர்கள். ஃபிராகொனார் 1732இல் பிறந்தவர். அவருக்கு ஐம்பது வயதான 1782இல்தான் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து எங்கள் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார். அடுத்த முறை அதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆர்வமாக வாசிப்பார்கள்.

ஹம்பர்க் கிழவரை வரும் இதழ்களில் ஒன்றில் போடுங்கள். வர்ணப் பக்கம் கிடைக்காவிட்டால் கறுப்பு வெள்ளையிலும் பாதகமில்லை, நாலு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். சென்ற முறைபோல மூலையில் தபால் தலை அளவில் போட்டால் தூரிகைத் தடம் ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோ தொழிலாளி,
உப்புவெளி, திருகோணமலை.