காலண்டர் போடும் கடைக்காரர்களுக்கு: ஆகஸ்ட் 9 தாளில் இன்னும் இரண்டு வரி

சிராங்கூன் சாலையிலும் தேக்கா வட்டாரத்திலும் கடை வைத்து, ஆண்டுதோறும் வாடிக்கையாளர்களுக்குத் தினசரி காலண்டர் கொடுக்கும் நகைக்கடை, துணிக்கடை, மளிகைக்கடை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசியில் பூசை போட்டு அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிடுவார்கள். உங்களில் சிலர் அங்கேதான் அச்சுக்குக் கொடுக்கிறீர்கள். ஆர்டர் கொடுக்கிற நேரம் என்பதால் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்ட் 9 தாளில் ‘சிங்கப்பூர் தேசிய தினம்’ என்ற வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, உலகப் பூர்வகுடி மக்கள் தினம். மற்றொன்று, ஜப்பானின் நாகசாகி நகரில் அணுகுண்டு விழுந்ததை நினைவுகூரும் நாகசாகி நினைவு தினம்.

அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நடுவில் சிவப்பு மையில் பெரிய 9. ஒரு பக்கம் ஆடி மாதத் தேதி, மறுபக்கம் ஹிஜ்ரி தேதி. கீழே திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம். அதற்கும் கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒரே சொல்லில் பலன்: வரவு, அலைச்சல், பரிசு, பகை. இவ்வளவையும் உள்ளங்கையளவு தாளில் அடக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வரிக்கு இடம் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்காது.

ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், நம் வீடுகளில் நாள்தவறாமல் கையில் எடுக்கப்படும் தமிழ் அச்சு அந்தத் தாள் ஒன்றுதான். நாளிதழ் வாங்காத வீட்டிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் உங்கள் காலண்டர் தொங்குகிறது. தமிழ்ப் புத்தகம் என்றால் ஓடுகிற பிள்ளைகூட, தாள் கிழிக்கும் வேலையைப் பாட்டியிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். கிழித்த கையோடு அதில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கும். ‘இது என்ன நாள்?’ என்று அது கேட்டால் வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும்.

ஊருக்கு ஏற்றபடி தாளை மாற்றுவது உங்களுக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட ராகுகாலம், ஏழு மணிக்கு விடியும் சிங்கப்பூருக்குப் பொருந்தாது என்று உங்களில் சிலர் நேரத்தைத் திருத்திப் போடுகிறீர்கள். தேசிய தினம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மறுநாள் திங்களையும் சிவப்பாக்க மறப்பதில்லை. அதே அக்கறையைத்தான் இந்த இரண்டு வரிக்கும் கேட்கிறேன்.

பூர்வகுடி மக்களுக்கான நாளை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1994 டிசம்பரில் அறிவித்தது. பூர்வகுடிகள் பற்றிய ஐநா பணிக்குழு 1982 ஆகஸ்ட் 9 அன்று முதன்முதலாகக் கூடியதால் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். சிங்கப்பூரின் சுதந்திரத்தை மனத்தில் வைத்து யாரும் முடிவு செய்யவில்லை. ஆனாலும் இந்தத் தீவைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நாளில் வருவதில் நிறைய அர்த்தம் இருக்கிறது.

1819-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது இங்கே ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் ஓராங் லாவுட் எனப்படும் கடலோடி மக்கள். காலாங் ஆற்று முகத்தில் ஓராங் காலாங், சிங்கப்பூர் ஆற்றில் ஓராங் கெலாம், வடக்கே நீரிணையோரச் சதுப்புக் காடுகளில் ஓராங் சிலேத்தார். படகுதான் வீடு. மீனும் நண்டும் சிப்பியும் பிடித்துப் பிழைத்தார்கள். நாம் தினமும் பேருந்திலும் எம்ஆர்டியிலும் சொல்லிக்கொண்டு போகும் காலாங்கும் சிலேத்தாரும் அவர்கள் வாழ்ந்த இடங்கள்.

அவர்கள் என்ன ஆனார்கள் என்று நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஓராங் காலாங் மக்களை 1824-இல் தெமெங்கோங் (இங்கிருந்த மலாய்த் தலைவர்) ஜொகூரின் புலாய் ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டார். 1847-இல் அங்கே பெரியம்மை பரவி, ஒரு சில குடும்பங்களைத் தவிர எல்லாரும் மாண்டுபோனார்கள். ஓராங் சிலேத்தார் வழிவந்தவர்கள் இன்று ஜொகூர் கரையோரச் சிற்றூர்களில் இருக்கிறார்கள். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அவர்களுடைய முன்னோர் படகு தள்ளிப் போய்வந்த நீரிணை, 1965 ஆகஸ்ட் 9 அன்று இரண்டு தனி நாடுகளுக்கு நடுவே எல்லையானது. நமக்குச் சுதந்திரம் வந்த நாளும் அவர்களுடைய நீரிணையில் எல்லை விழுந்த நாளும் ஒன்றே. இதைத் தெரிந்துகொண்டு தேசிய தினம் கொண்டாடுவதில் தவறென்ன?

தெற்குத் தீவுகளின் கதை வேறு. சூடோங், செமாக்காவ் தீவுகளில் இருந்தவர்கள் 1970களில் பெரிய தீவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். செமாக்காவ் 1999 முதல் நம் குப்பையின் சாம்பலை வாங்கிக்கொள்ளும் இடமாக இருக்கிறது. அந்தத் தீவுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேதான் வாழ்கிறார்கள். கணவாயை அதன் மையிலேயே சமைக்கும் சோத்தோங் ஹித்தாம் போன்ற பழைய சமையலை மீட்டெடுத்து மற்றவர்களுக்கும் கொடுக்கிறார்கள். நம் அரசியல் சட்டத்தின் 152ஆம் பிரிவே மலாய் மக்களை இந்நாட்டின் பூர்வகுடிகள் என்று குறிப்பிடுகிறது. வந்து குடியேறிய குடும்பங்களில் பிறந்த நாம், பின்னால் வந்தவர்கள் என்ற முறையில், வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய ஒரு வணக்கம் பாக்கி இருக்கிறது.

அடுத்தது நாகசாகி. இதைச் சேர்க்கச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரத்தான் செய்யும். 1942 பிப்ரவரி 15 முதல் மூன்றரை ஆண்டுகள் இந்த ஊர் ஜப்பானியர் பிடியில் ‘சியோனான்’ என்ற பெயரில் பட்ட பாடு கொஞ்சமல்ல. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவே இல்லை. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. அந்த வேதனையை ஒரு வரியால் மறைத்துவிட முடியாது. மறைக்கச் சொல்லவும் இல்லை.

ஆனால் 1945 ஆகஸ்ட் 9 காலை 11.02 மணிக்கு நாகசாகியில் யார் செத்தார்கள் என்பதைப் பாருங்கள். அன்றைய முதல் இலக்கு கோக்குரா. அங்கே வானம் தெளிவாக இல்லாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 70,000 பேர் இறந்தார்கள். அவர்களில் கட்டாய வேலைக்கு அங்கே கொண்டுவரப்பட்டிருந்த கொரியர்களும் உண்டு. ரயில் பாதையில் மாண்ட நம் தோட்டத் தொழிலாளியும், ஆலையில் வேலைக்குக் கட்டிப்போடப்பட்ட அந்தக் கொரியரும் ஒரே ஆட்சியின் கையில் சிக்கியவர்கள். அப்புறம், குண்டில் தப்பிப் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு 2024-இல் அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அணு ஆயுதம் இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களில் பலர் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் இருக்கும்போதே நம் பிள்ளைகளுக்கு அந்த ஊரின் பெயர் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கொண்டாட்டமான நாளில் சோகத்தை எதற்குப் போட வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1965-இல் அந்த நாளே சிரிப்போடு விடியவில்லை. மலேசியாவிலிருந்து பிரிந்தது பற்றிப் பேசும்போது அன்றைய பிரதமர் திரு லீ குவான் யூ தொலைக்காட்சியில் கண்கலங்கியதை இன்றுவரை திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். யாரும் அதை ஒளித்துவைக்கவில்லை. தேசிய தின அணிவகுப்பு பலமுறை நடந்திருக்கும் பாடாங் திடலுக்கு எதிரே நிற்கும் நகர மண்டபத்தில்தான் 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டார்கள். வேதனையையும் பெருமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது இந்த ஊருக்குப் பழக்கமான விஷயம்.

இதே தேதிக்கு வேறு உரிமைக்காரர்களும் இருக்கிறார்கள். 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறிய மறுநாள், காந்தியடிகள் உள்ளிட்ட தலைவர்கள் கைதானது ஆகஸ்ட் 9. தென்னாப்பிரிக்காவில் அது பெண்கள் தினம், அரசு விடுமுறை. 1956-இல் கறுப்பினப் பெண்களையும் அனுமதிச் சீட்டோடுதான் நடமாட வைக்க முயன்ற சட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அணிவகுத்தார்கள். முன்னால் நின்ற நால்வரில் ரஹிமா மூசா இந்திய வம்சாவளியினர். தில்லையாடி வள்ளியம்மையைத் தெரிந்த நமக்கு இவரையும் தெரிந்திருக்கலாம். இடம் கிடைத்தால் இவற்றையும் போடுங்கள், மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் நான் கேட்ட இரண்டு போதும்.

அதற்காக இணையத்தில் வரும் எல்லாப் பட்டியலையும் கொட்ட வேண்டாம். ஆகஸ்ட் 9-க்கு அரிசிப் பாயச நாள் என்றும் புத்தகப் பிரியர் நாள் என்றும் போட்டிருக்கிறார்கள். யார் எப்போது தொடங்கினார்கள் என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது. ஒரு நாட்டின் சட்டமோ, ஐநா தீர்மானமோ, ஒரு மக்கள்கூட்டம் பட்ட பாடோ பின்னால் இருக்கிற நாளுக்கு மட்டும் தாளில் இடம் கொடுங்கள். மற்ற தேதிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

அச்சகத்துக்கு அனுப்ப வாசகம் இதோ. சிவப்பில்: ‘சிங்கப்பூர் தேசிய தினம் (1965)’. அதன் கீழே கறுப்பில்: ‘உலகப் பூர்வகுடி மக்கள் தினம் – ஐநா’. அதற்கும் கீழே: ‘நாகசாகி நினைவு தினம் (1945)’. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். ராசிபலன் அளவில் போட்டால் வயதானவர்களுக்குத் தெரியாது. மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், காசு எதுவும் வேண்டாம். தீபாவளி நெருக்கடி தொடங்குவதற்கு முன்பே அச்சகத்தாரிடம் சொல்லிவிட்டால் கூடுதல் செலவும் வராது.

இப்படிக்கு,
ஆண்டுதோறும் உங்கள் காலண்டரை வாங்கிப்போகும் உட்லண்ட்ஸ்வாசி