விரால் குஞ்சு காக்கும் புல்லோரத்தை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழைக்குப் பின் எங்கள் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் நிரம்பி நிற்கிறது. குளத்தின் ஆழமில்லாத ஓரமான அலைகரையில், புல்லுக்குள் விரால்கள் குஞ்சு காத்துக்கொண்டிருக்கின்றன. சனி, ஞாயிறு வந்தால் அந்தப் புல்லோரத்தில் தூண்டிலோடு நிற்பவர்களுக்கும், அவர்களைத் தடுக்கக்கூடியவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

அசையாத நீரில் ஓர் இடம் மட்டும் உலை கொதிப்பதுபோல் குமிழும். உற்றுப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் விரால் குஞ்சுகள் ஒன்றாகத் திரண்டு மேலே வருவதும் தாழ்வதுமாக இருக்கும். அவற்றுக்குக் கீழே பெற்ற மீன்கள் நிற்கும். கூட்டத்துக்குள் எது விழுந்தாலும் அவை பாய்ந்து கவ்வும். பசியில்லாவிட்டாலும் கவ்வும், குஞ்சை எதுவும் நெருங்கக்கூடாது என்பதே அவற்றின் எண்ணம். இதை நன்றாக அறிந்த சிலர் ரப்பர் தவளையைத் தங்கூசி நூலில் கட்டிக் கூட்டத்தின் நடுவே எறிகிறார்கள். இரண்டாம், மூன்றாம் எறியிலேயே மீன் மாட்டுகிறது. கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காவல் போனபின் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகின்றன. இதைத் திறமை என்று கொண்டாடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் தூண்டிலுக்கு எதிரியல்ல. தம்பலகாமத்தில் பிறந்தவள். எங்கள் வயலுக்குத் தண்ணீர் தருவதும் கந்தளாய்க் குளம்தான். அதைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் பெயரைச் சொல்லாமல் அந்தக் குளத்தைப் பற்றிப் பேசாத ஊர் எங்களுடையது. சிறுவயதில் ஐயாவோடு போய் மண்புழு கோத்து மீன் பிடித்திருக்கிறேன். விஞ்ஞானம் படிப்பித்த காலத்திலும் தூண்டில் கைவிட்டுப் போகவில்லை.

கடந்த சித்திரையில் கனடாவில் மகள் வீட்டில் இருந்தபோது மருமகன் ஓர் இரவு என்னைக் கவார்த்தா ஏரிப் பக்கம் அழைத்துப் போனார். ஒன்ராறியோ மாகாணத்தில், அணைகள் கட்டி நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் ஏரிகள் அவை. பனிக்கட்டி உருகி, நீர் ஏறக்குறைய ஆறு முதல் ஒன்பது பாகை செல்சியஸுக்கு வந்ததும் வோல்ஐ என்ற மீன் முட்டையிடக் கரையோரக் கற்களுக்கு வருகிறது. பகலில் ஆழத்தில் கிடக்கும் மீன், இருட்டியதும் முழங்கால் அளவு நீருக்குள்ளேயே வந்துவிடும். டோர்ச் அடித்தால் கண்கள் மின்னுகின்றன. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதே காரணம். மங்கலான வெளிச்சத்தில் இரை தேடவும் அதுவே உதவுகிறது. அமெரிக்காவில் அனுமதியுள்ள நீர்த்தேக்கங்களில் இளவேனில் தொடக்கத்தில் இந்த மீனுக்காகவே அணைக் கற்களில் மாலையில் போய் நிற்பார்களாம். ஈயத் தலை வைத்த சிறிய தூண்டிலில் சின்ன மீனைக் கோத்து, அடிமட்டத்தில் மெல்ல மெல்ல இழுப்பார்களாம். வள்ளம் தேவையில்லை. மீன்தான் கரைக்கு வந்துவிடுகிறதே.

நாங்களோ தூண்டில் கொண்டுபோகவில்லை. சித்திரை நடுவில் ஒன்ராறியோவின் பெரும்பாலான நீர்நிலைகளில் வோல்ஐ பிடிக்கத் தடை. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் திறக்கிறார்கள். கரையில் எங்களைப் போலவே பார்க்க மட்டும் வந்த குடும்பங்கள் நின்றன.

இதில் என்னை உறுத்திய விடயம் ஒன்றுண்டு. வோல்ஐ தன் முட்டையைக் காப்பதில்லை. கல்லிடுக்குகளில் சிதறிவிட்டுப் போய்விடும். அதன் பிறகு தாயைப் பிடித்தாலும் போட்ட முட்டை பொரிக்கும். விராலின் நிலை வேறு. பெற்ற மீன் போனால் குஞ்சுகளும் போகும். காவல் காக்காத மீனுக்கே அங்கே தடைக்காலம் இருக்கும்போது, உயிரைக் கொடுத்துக் காக்கும் மீனுக்கு இங்கே ஒரு வாரமாவது விட வேண்டாமா?

வலைக்கு விதி இருக்கிறது. வலைக்கண்ணை இழுத்து அளந்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைவான, மீனைச் செவுளில் சிக்கவைக்கும் செவுள் வலை நம் குளங்களில் தடை. அது சின்ன மீனைத் தப்பவிடும். பெற்ற மீனைத் தப்பவிடாது. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவில் தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும்; அந்த மீன் குளமெங்கும் பெருகிவிட்டது. குளங்களில் விடப்படும் வளர்ப்புக் குஞ்சுகளும் பெரும்பாலும் திலாப்பியாவும் கெண்டை இனங்களுமே. விராலைக் குளம்தான் பெற்று வளர்க்க வேண்டும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு எங்கள் வீட்டில் கொடுப்பது விரால் கறிதான்.

ஏழைகளின் கறிச்சட்டியில் கை வைக்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். நியாயம். ஆனால் தடியில் நூல் கட்டித் திலாப்பியா பிடிக்கும் பிள்ளையை நான் சொல்லவில்லை. குளம் முழுவதையும் மூடவும் சொல்லவில்லை. விரால் குஞ்சு காப்பது புல்லும் தாமரையும் மண்டிய ஆழமில்லாத அலைகரையில். அணைக்கட்டின் கற்சரிவில் யார் வேண்டுமானாலும் நின்று தூண்டில் போடட்டும். அந்தி சாய்ந்தால் யானை இறங்கும் அலைகரையை விட அது மனிதருக்கும் பாதுகாப்பு.

அலைகரையை மட்டும், குளம் நிரம்பத் தொடங்குவதிலிருந்து குஞ்சுகள் பிரிந்து போகும் வரை மூடினால் போதும். எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை என்பதை ஒவ்வொரு நாளும் வள்ளத்தில் போய்வரும் மீனவர் சங்கத்தாரிடம் கேளுங்கள். அலுவலகத்தில் இருந்து நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் அடுத்த மாரிக்கு முன் அவர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். பிறகு அலைகரைக்கு இறங்கும் பாதைகளில் சிங்களத்திலும் தமிழிலும் அறிவித்தல் பலகை நடட்டும். அதில் குஞ்சுக் கூட்டத்தின் படத்தையும் போடுங்கள். தூர இடங்களிலிருந்து வருபவர்களில் பலருக்கு அந்தச் செம்மஞ்சள் குமிழி என்னவென்றே தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
தம்பலகாமம், திருகோணமலை.