செயலாளர் ஆண்டறிக்கை: டெபியனின் தொடக்கப் பதிப்புகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் தொடக்கப் பதிப்புகளை நிறுவிக் குறிப்பெடுக்கும் பணிதான் இந்த ஆண்டு காட்பாடிக் கூட்டங்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் அறிவித்த திட்டம் இது. 1995 நவம்பரில் வந்த 0.93 ஆர்6 தான் ஏ.அவுட் என்ற பழைய நிரல்கோப்பு வடிவின் கடைசிப் பதிப்பு. அடுத்து 1.0-ஐத் தேட வேண்டாம். அப்படி ஒன்று வெளியாகவே இல்லை. குறுந்தகடு விற்பவர் ஒருவர், எல்ஃப் என்ற புதிய நிரல்கோப்பு வடிவத்துக்குப் பாதிதான் மாறியிருந்த நகலை 1.0 என்று பெயரிட்டு விற்றுவிட்டார். அதனால் எண்ணைத் தாண்டி, 1996 ஜூன் 17 அன்று 474 பொதிகளுடன் (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்புகளுடன்) 1.1 'பஸ்' வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'ரெக்ஸ்', 1997 ஜூனில் 'போ'.

கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் பிளாப்பியில் பலரும் தடுமாறினர். பிளாப்பியின் முழு நகலான இமேஜைச் சாதாரணக் கோப்பாக நகலெடுத்தால் பூட் ஆகாது. லினக்ஸில் டிடி, டாஸில் ராரைட்2 என்ற நிரல்களைக் கொண்டு செக்டர் செக்டராக எழுத வேண்டும். ஒரு பிளாப்பியில் 2880 செக்டர்கள். எழுதும்போது டிரைவ் எதையும் சரிபார்ப்பதில்லை என்பதால், திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே அதை நம்பலாம். கணினியையே மென்பொருளில் போலச்செய்யும் கியூஎமுவில் 64 எம்பி நினைவகம் போதும். அதற்கு மேல் கொடுத்தால் பூட் வரியில் 'மெம்' அளவையும் தர வேண்டும். நெட்வொர்க்குக்கு ஐஎஸ்ஏ என்இ2000 கார்டு, பதினாறடிமான முகவரி 300, ஐஆர்க்யூ (குறுக்கீட்டு எண்) 9.

நிறுவி முடித்து மறுபடி பூட் செய்தால் திரையில் 'எல் ஐ' என்ற இரண்டு எழுத்தோடு நின்றுவிடும். இயங்குதளத்தின் கருவான கெர்னலை ஏற்றிவைக்கும் லைலோ நிரலின் இரண்டாம் கட்டம் ஏற்றப்பட்டும் ஓடவில்லை என்று பொருள். டிஸ்க்கின் ஜியோமெட்ரியை (சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்கை) கணினியின் அடிப்படை நிரலான பயாஸ் ஒரு விதமாகவும் கெர்னல் வேறு விதமாகவும் கணக்கிட்டிருக்கும். 504 எம்பிக்குள் டிஸ்க் அமைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. கெர்னலை மாற்றியதும் லைலோவை மறுபடி ஓட்டாவிட்டாலும் பூட் ஆகாது. அது லைலோவின் குற்றமல்ல, நம் மறதி.

மிகவும் படுத்தியது 'போ'விலிருந்து 2.0 'ஹாம்' பதிப்புக்கு மாறுவது. 1998 ஜூலையில் வந்த அந்தப் பதிப்பு எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் நூலகமான லிப்சி 5-ஐ விட்டு லிப்சி 6-க்குத் தாவியது. பொதிகளைத் தேர்ந்து நிறுவும் டிசெலக்ட்டில் மொத்தமாக ஏற்றினால், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பேஷின் புதிய பதிப்பு வந்துவிடும், அதற்குரிய ரீட்லைன் நூலகம் வந்திராது. ஷெல் எழாது, ஷெல் இல்லாமல், பொதிகளை நிறுவும் டிபிகேஜியின் ஸ்கிரிப்டுகளும் ஓடா. எனவே எல்டிஎஸ்ஓ, லிப்சி 6, என்கர்சஸ், ரீட்லைன் என்ற வரிசையில் பொதிகளை ஏற்ற வேண்டும், பிறகே பேஷ். இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ள ஆட்டோஅப் என்ற ஸ்கிரிப்டை டெபியன் குழுவினரே தந்திருக்கிறார்கள். அதை ஓட்டாமல் டிசெலக்ட்டைத் தொடாதீர்கள்.

வரும் ஆண்டில் ஆப்ட் என்ற பொதி நிறுவும் கருவி நுழைந்த 2.1 'ஸ்லிங்க்'கை எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. சங்கத்தின் பிளாப்பிகளை வைத்திருப்பவர்கள், கூட்டம் கலையுமுன் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கத்திரி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தவற்றைத் தனியாகச் சொல்லித் தரவும்.

இவண்,
செயலாளர்
வேலூர்