கடிகாரம் வாங்கவிருக்கும் மகனுக்கு

மதுரை,
09.02.2025

அன்பு மகன் கார்த்திக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். அக்டோபர் மாதம் சிகாகோ மாரத்தானில் ஓடப் போவதாகவும், அதற்குச் செயற்கைக்கோள்களின் துணையோடு தூரமும் வேகமும் காட்டும் ஜி.பி.எஸ். கடிகாரம் ஒன்று வாங்க வேண்டும் என்றும், அதில் இதயத்துடிப்பு காட்டுவதெல்லாம் உண்மையிலேயே பயன்படுமா, வெறும் விளம்பரமா என்றும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து, அவற்றில் 12 ஆண்டுகளை இதயநோய்ப் பிரிவில் பிறர் நாடியைப் பிடித்துக்கொண்டே கழித்தவள் என்ற முறையில், துடிப்பைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. செயற்கைக்கோள் சமாச்சாரத்தை மட்டும், நீ பெயர் எழுதிய இரண்டு கடிகாரங்களை முன்னிட்டு, மூன்று நாட்கள் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் தூரம். கடிகாரம் வானத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக்குறிப்புகளைக் கேட்டு, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்தக் குறிப்பு நேராக வராமல் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பட்டுத் திரும்பி, விநாடியில் கோடியில் ஒரு பங்கு தாமதித்து வந்தாலே கணக்கு 30 மீட்டர் பிசகிவிடும். நீ வழக்கமாக ஓடும் மிச்சிகன் ஏரிக்கரைப் பாதையில் வானம் திறந்து கிடப்பதால் மலிவான கடிகாரமும் ஏறக்குறையச் சரியாகவே காட்டும். மாரத்தானோ கிராண்ட் பூங்காவில் தொடங்கிய கையோடு வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே நுழைகிறது; அங்கே கடிகாரம் நீ கட்டடங்களுக்குள் புகுந்து வெளிவருவதாகக் கோடு கிழிக்கும், நீ நிதானமாக ஓடிக்கொண்டிருக்க உலக சாதனை வேகம் காட்டும். அதை நம்பி முதல் சில மைல்களில் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்தால், அதன் பலனைக் கடைசிப் பத்து கிலோமீட்டரில் கால்கள்தான் அனுபவிக்கும்.

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் டூயல் பேண்ட். ஒரே செயற்கைக்கோளிடமிருந்து இரண்டு அதிர்வெண்களில் குறிப்பை வாங்கினால், நேரே வந்தது எது, சுவரில் பட்டு வந்தது எது என்று பிரித்தறிவது எளிதாகிறது. நீ எழுதியவற்றில் 2021-இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 55-இல் அந்த வசதி இல்லை. 2023-இல் வந்த கோரோஸ் பேஸ் 3-இல் இருக்கிறது. வெளியான காலத்தில் இரண்டின் விலைக்கும் இடையே 30 டாலர்தான் வித்தியாசம். நீ நகருக்குள் ஓடுகிறவன் என்பதால் அந்த 30 டாலரைக் கொடுத்துவிடு. மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளாதே; ஒன்று 20 மணி நேரம், மற்றொன்று 38 மணி நேரம் என்கிறார்கள், நீ ஓடப்போவது நான்கு மணி நேரம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். மாரத்தான் பாதையை மிதிவண்டிச் சக்கரத்தில் பொருத்திய எண்ணும் கருவியால், வளைவுகளில் மிகக் குறுகிய வழியைப் பிடித்து அளக்கிறார்கள்; குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது 42 மீட்டர், சேர்த்தும் விடுகிறார்கள். கூட்டத்தில் விலகி விலகி ஓடும் உனக்கு 42.195 கிலோமீட்டர் என்று கடிகாரம் காட்டும்போது எல்லைக்கோடு இன்னும் தள்ளித்தான் இருக்கும். ஆகையால் தானாக மைல் குறிப்பதை நிறுத்திவிட்டு, சாலையோர மைல் பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஒவ்வொரு மைலுக்கான நேரத்தையும் தனியே குறிக்கும் லேப் பொத்தானை நீயே அழுத்து. அதற்காகவே சொல்கிறேன், தொடுதிரையை மட்டும் நம்பியிருக்கும் கடிகாரம் வேண்டாம். வியர்வை வழியும் விரலுக்கும், உங்கள் ஊர்க் குளிரில் கையுறை போட்ட விரலுக்கும் பொத்தான்தான் படியும்.

இனி இதயத்துக்கு வருகிறேன். கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ணுகிறார்கள். வார்டில் நோயாளியின் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியும் இதற்கு உறவுதான். குளிர்ந்து போன விரலில் அது எதையும் காட்டாது. நாங்கள் விரலைத் தேய்த்துச் சூடேற்றிவிட்டு மறுபடியும் மாட்டுவோம். சிகாகோவின் ஜனவரிக் காலையில் உன் மணிக்கட்டுக்கும் அதே கதிதான்.

குளிர் இல்லாத ஊரிலும் அது ஏமாறுகிறது. சென்ற மாதம் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் என்னோடு பழகிய ஒரு பையன், மெதுவாகத்தான் ஓடுகிறேன், துடிப்பு 172 காட்டுகிறதே ஆண்ட்டி என்று பதறிக்கொண்டு வந்தான். அவனை நிறுத்திய மாத்திரத்தில் கழுத்து நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணினேன். 35 வந்தது, அதாவது நிமிடத்துக்கு 140. நின்றதும் துடிப்பு சற்று இறங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 172-க்கு வழியில்லை. மறுபடியும் ஓடச் சொல்லி அவன் காலடிகளை எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 170-ஐ ஒட்டி வந்தது. கை ஆட்டத்தில் வரும் அதிர்வையே துடிப்பென்று எடுத்துக்கொண்டு கடிகாரம் அவனுடைய காலடிகளை எண்ணிக்கொண்டிருந்தது! மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, அசையாதபடி கட்டச் சொன்னேன்; அதன்பின் கொஞ்சம் தேறியது.

நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, துடிப்பைக் கடிகாரத்துக்கு அனுப்பும் நெஞ்சுப் பட்டையின் சங்கதி வேறு. அது ஒளியை எண்ணுவதில்லை, இதயத்தின் மின்னோட்டத்தையே நேரடியாக வாங்குகிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் கம்பியில்லாத கருவியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. ஈ.சி.ஜி. எடுக்கும்போது நாங்கள் ஜெல் தடவுவதைப் பார்த்திருப்பாய். அதே காரணத்துக்காகத்தான் இந்தப் பட்டையையும் நீரில் நனைத்துக் கட்ட வேண்டும். உலர்ந்த பட்டையோடு கிளம்பினால் வியர்க்கும் வரை தாறுமாறாகக் காட்டும். ஓடி முடித்ததும் உப்புப் போக அலசிக் காயவைக்க வேண்டும்; உன் சட்டைகளை நீ காயவைக்கும் அழகை அறிந்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சில கடிகாரங்கள் புளூடூத் மட்டுமே பேசும் என்பதால் வாங்குமுன் கடிகாரமும் பட்டையும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்த்துக்கொள்.

சரியாக அளந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதுதான் உன் கேள்வியின் சாரம். கடிகாரம் 220-இலிருந்து வயதைக் கழித்து, உன் உச்சத் துடிப்பு 186 என்று தானே முடிவு செய்துகொண்டு, அதன்மேல் நிதானம், மிதம், கடுமை என்று துடிப்பைப் பிரிக்கும் மண்டலங்களை வண்ண வண்ணமாகக் கட்டிவிடும். 2001-இல் சொல்லப்பட்ட மற்றொரு கணக்கு, 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. உன் 34 வயதுக்கு அது 184 தருகிறது. இரண்டுமே சராசரிகள். ஒரே வயதுடைய இருவருக்கு இடையே உச்சத் துடிப்பு இருபதுக்கு மேல் வேறுபடுவது சாதாரணம். ஆகவே அந்த மண்டலங்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் உன் துடிப்பு எவ்வளவு என்று சில வாரங்கள் குறித்து வா. அது 145 என்றால் உன் நிதான ஓட்டத்தின் வரம்பு 145. கடிகாரம் அதை எந்த வண்ணத்தில் காட்டினாலும் சரி.

துடிப்பின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது: நிதானமாக ஓட வேண்டிய நாளில் உன்னைப் பிடித்து நிறுத்துவது. சிறுவயதிலிருந்தே உனக்குப் பக்கத்தில் எவனாவது முந்தினால் பொறுக்காது. நானூறு மீட்டர் விரைவோட்டப் பயிற்சிகளில் துடிப்பைப் பார்க்கவே வேண்டாம்; முயற்சி ஏறிச் சற்று நேரம் கழித்துத்தான் துடிப்பு முழுதாக ஏறும், அதற்குள் சுற்றில் பெரும்பகுதி முடிந்திருக்கும். வெயிலில் மட்டும் மறக்காமல் பார். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் போக வேண்டியிருப்பதாலும், வியர்வையால் இரத்தத்தின் நீர் குறைவதாலும், அதே வேகத்துக்கு இதயம் அதிகமாகத் துடிக்கும். அக்டோபர் குளிராகத்தானே இருக்கும் என்று எண்ணாதே. 2007-இல் கடும் வெப்பத்தால் சிகாகோ மாரத்தானையே பாதியில் நிறுத்தினார்கள்.

இப்போது, நான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்ட விஷயம். அப்பாவுக்கு இதய இரத்தக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தபோது அவருக்கு வயது 51. நீ வாங்கிக் கொடுத்த மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஓய்வுத் துடிப்பு 52 என்பதால் தனக்கு விளையாட்டு வீரனின் இதயம் என்று அது சொல்வதாகத் தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். அது அவர் காலையில் விழுங்கும், துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையின் புண்ணியம் என்பது பட்டைக்குத் தெரியாது. கடிகாரம் துடிப்பை எண்ணும். இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று அதனால் சொல்ல முடியாது. அழகான எண்களைக் காட்டிக்கொண்டிருந்த இதயங்களை நான் அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, காரணமில்லாத மயக்கமோ வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதே, நில், உதவிக்குக் கூப்பிடு.

ஆகையால் டூயல் பேண்ட் உள்ள எளிய கடிகாரம் ஒன்று, நெஞ்சுப் பட்டை ஒன்று, இவ்வளவு போதும். வரைபடமும் பாட்டும் உள்ள விலை கூடிய கடிகாரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் மீதியை மருத்துவரிடம் கொடு. அப்பாவின் கதையைச் சொல்லி, கொழுப்புப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும், அவர் தேவையென்றால் ட்ரெட்மில் பரிசோதனையும் செய்துகொள். கடிகாரத்துக்கு ஆர்டர் போடும் முன் அந்த அறிக்கையைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, ஈ.சி.ஜி. காகிதத்தை முழுவதும் தெரியும்படி எடு, போன முறை போல ஓரம் வெட்டி அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா