இரண்டு குவளை மண்

மாண்டலேயில் இருக்கும் அன்பு மகனுக்கு, ரங்கூனிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கொல்லையில் பிள்ளைகளுக்குப் பூப்பந்துத் (இறகுப்பந்து) தளம் போடப்போவதாகவும், ஏப்ரலில் திஞ்ஜான் புத்தாண்டு விடுமுறைக்குள் முடித்துத் தர மேஸ்திரி ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் நீ தொலைபேசியில் சொன்னபோது நான் அதிகம் பேசவில்லை. கல்லும் காரையுமாக நாற்பது வருடம் கழித்தவன் இதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான் என்று பக்கத்தில் இருந்த உன் அம்மா கையைக் காட்டிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். ஏப்ரலில் கான்கிரீட் போடாதே.

நீ அனுப்பிய படத்தில், வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் தரையில் ஒரு விரிசல் ஓடுகிறது. அதன் ஓரத்தில் சின்னவளின் செருப்பு ஒன்று கிடக்கிறது. செருப்பின் அகலத்தில் பாதிக்கு விரிசல் வாய் திறந்திருக்கிறது. அந்தக் கறுப்பு நிறத்தையும் வெடிப்பையும் சேர்த்துப் பார்த்தால் அது கரிசல் இனத்து மண் என்றே எனக்குத் தோன்றுகிறது. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் அந்த மண்ணின் மேல் நான்கு அங்குலக் கான்கிரீட்டைப் பரப்பினால், வருடத்துக்கு ஒரு முறை அது கான்கிரீட்டைத் தூக்கி இறக்கும். எவ்வளவு நல்ல சிமெண்டாக இருந்தாலும் அதைத் தாங்காது.

என் ஊகத்தை நீ அப்படியே நம்ப வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஓர் அடி தோண்டி, அடிமண்ணை எடுத்து நன்றாகக் காயவைத்து, பொடித்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு பொடியைப் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி, காற்றுக்குமிழி போகும்வரை குச்சியால் கிண்டிவிட்டு, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வை. மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில்தான் உப்பும். மறுநாள் இரண்டிலும் அடியில் படிந்திருக்கும் மண்ணின் உயரத்தை அளந்து பார். தண்ணீர்க் குவளையில் உள்ளது மற்றதைவிடப் பாதி அளவு கூடியிருந்தால், மிக மோசமாக உப்பும் மண் அது. ஆய்வுக்கூடத்திலும் ஏறக்குறைய இப்படித்தான், அளவுக்குழாயில் செய்கிறார்கள். குவளைகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வை.

மண் உப்பும் என்று தெரிந்தால், தளத்தின் அடியில் ஒன்றரை அடியாவது தோண்டி மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் தவறுவார்கள், நானே தவறினேன். நீ படிக்கப் போன பிறகு இந்த வீட்டுப் பின்புறத்தில் நான் ஒரு தளம் போட்டது உனக்கு நினைவிருக்கும். தோண்டிய களிமண் குழியில், தண்ணீர் வடிந்துவிடும் என்று நினைத்து ஆற்று மணலை நிரப்பினேன். சுற்றிலும் களிமண் இருக்கும்போது தண்ணீர் எங்கே வடியும்? குழி தொட்டியாகிவிட்டது. வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில் அந்தத் தொட்டி ஐப்பசி வரை நிறைந்தே நின்றது, அடியிலிருந்த களி ஊறி நடுப்பகுதி எழும்பியது. போதாக்குறைக்கு, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மேற்பரப்பைக் கண்ணாடிபோல் இழைத்துவிட்டேன். பாசி பிடித்த அந்தத் தளத்தில் உன் தங்கை வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். இப்போது அதன்மேல் அம்மா மிளகாய் காயவைக்கிறாள்.

உங்கள் ஊரில் இதில் மூன்றில் ஒரு பங்கு மழைதான். அதனால் ஆபத்துக் குறைவு என்று எண்ணிவிடாதே. நீண்ட வறட்சிக்குப் பின் திடீரென்று நனையும் மண்தான் அதிகமாக அசையும். ஆகவே மணல் வேண்டாம்; செம்மண் கலந்த சரளையை ஆறு ஆறு அங்குலமாகப் பரப்பி, நனைத்து, உருளை ஓட்டி இறுக்கச் சொல். ஆடுகளம் 44 அடிக்கு 20 அடி. சுற்றிலும் நான்கடி விட்டால் 52க்கு 28. ஒன்றரை அடி ஆழத்துக்கு 2,184 கன அடி வரும். இறுக்கும்போது படிவதற்காகக் கால் பங்கு கூட்டி 2,700 என்று வைத்துக்கொள். செலவு கண்ணைக் கட்டும். வண்ணப் பூச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பணத்தை மண்ணுக்கு அடியில் போடு.

மழைக்காலம் முடிந்து, மண் ஈரம் சுமந்து ஓரளவு உப்பி நிற்கும் நவம்பரில் தோண்டு. காய்ந்து சுருங்கிய ஏப்ரல் மண்ணின் மேல் தளம் போட்டால், அது உப்புவதற்கு இடம் தேடும்போது உன் கான்கிரீட்தான் வழிவிட வேண்டியிருக்கும். நாற்பது டிகிரி வெயிலில் ஈரம் பறந்து, இறுகும் முன்பே மேற்பரப்பு வெடித்துவிடும் என்பது தனிக் கதை. குழியை நாள்கணக்கில் திறந்து போட்டுக் காயவிடாதே.

கான்கிரீட்டை நீளத்தில் ஐந்து, அகலத்தில் மூன்று என்று பதினைந்து கட்டங்களாகப் பிரித்து வெட்டுக் கொடு. எங்கே விரிசல் விட வேண்டும் என்பதை நாமே சொல்லிவிட வேண்டும். நீளம் வடக்குத் தெற்காக இருந்தால் காலை மாலை வெயில் பிள்ளைகளின் கண்ணில் அடிக்காது. அகலவாக்கில் நூறடிக்கு ஓரடி சாய்வு, அதாவது 28 அடிக்கு மூன்றரை அங்குலம் போதும். தண்ணீர் போய்ச்சேர ஓடை வேண்டும், ஆனால் அது தளத்தின் ஓரத்திலேயே தேங்கக்கூடாது. மேற்பரப்பில் துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொல். ஒரு வாரம் ஈரச் சாக்கு மூடியிருக்கட்டும்.

வேப்பமரத்தை வெட்டாதே, தளத்தைத் தள்ளி வை. அந்த வேர்கள் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பள்ளம் ஆக்கும். வலைக்கம்பத்தை மதிலோடு கட்ட வேண்டாம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் உங்கள் பக்கத்து மதில்கள் விழுந்த கோலத்தை நான் மறக்கவில்லை.

இன்னொன்று. திறந்தவெளிக் காற்றில் பூப்பந்து சரியாக வராது. பிரம்புப் பந்தைக் காலால் வலைக்கு மேலே தட்டி ஆடும் செபாக் தக்ரோவுக்கும் இதே அளவுக் களம், வலையும் ஏறக்குறைய அதே உயரம். பெரியவன் பிரம்புப் பந்தைத்தான் விரும்புவான் என்று நினைக்கிறேன். அவனுக்கு இந்த விடுமுறைக்கு வெறுந்தரையில் 22 அடி குறுக்களவில் வட்டம் போட்டுக் கொடுத்தால், பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டும் சின்லோன் ஆடிக்கொள்வான்.

மேஸ்திரியிடம் நவம்பர் என்று சொல். முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால் அதை நான் பேசிக்கொள்கிறேன். இரண்டு குவளைகளையும் அடிகோலோடு வைத்துப் படம் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுத்தான் சரளைக்கு வண்டி பேசச் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா