வெள்ளரி ஊருக்குப் போய்வந்தேன்

பெர்லின்,
அக்டோபர் 14.

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கைக்குக் கிடைத்தது. கிணற்றில் தண்ணீர் நான்கு படி ஏறியிருக்கிறது என்று எழுதியிருந்தாய்; அந்த ஒரு வரியை மட்டும் கமலாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "மகள் வீட்டுக்குப் போனவன் பட்டணத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாயா, இல்லை தோட்டம் துரவு ஏதாவது கண்ணில் பட்டதா" என்றும் கேட்டிருந்தாய். பட்டது. அதுவும் கம்பெனிக்குப் பயிர்செய்து நீ ஆறு வருடம் கட்டிக்கொண்டு அழுத, ஊறுகாய்க்காகப் பிஞ்சிலேயே பறிக்கும் அதே கெர்கின் வெள்ளரியின் ஊரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் ரயில் சீட்டு எடுத்துக் கொடுத்து, மூன்று இரவு தங்குவதற்கு ஒரு வீட்டு மாடியறையையும் ஏற்பாடு செய்து அனுப்பிவைத்தாள். ஊரின் பெயர் லூபெனாவ். பெர்லினுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். பதினாறாயிரம் பேர் வாழும் சிறிய ஊர்தான். அதிலும் பாதி, கிழக்கு ஜெர்மனி ஆட்சிக் காலத்தில் அனல்மின் நிலையத் தொழிலாளர்களுக்காக எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்பு. நிலையத்தை 1990களில் மூடிவிட்டார்கள், குடியிருப்பு நிற்கிறது. ரயிலடியிலிருந்து நடந்து பழைய ஊருக்குள் நுழைந்ததும் கல் பாவிய தெரு, ஒரு தேவாலயம், ஒரு அரண்மனை, படகுத்துறை, அவ்வளவுதான். கோடையில் இந்தத் துறையில் கூட்டம் நெரியுமாம். நாங்கள் போன அக்டோபரில், படகுக்காரர்கள் முழங்கால்மேல் கம்பளி விரித்து உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பகுதிக்கு ஷ்ப்ரேவால்ட் என்று பெயர். ஷ்ப்ரே ஆற்றின் காடு என்று பொருள். பெர்லினின் நடுவே ஓடும் அதே ஷ்ப்ரேதான். இங்கே நிலம் ஏறக்குறையச் சமமாகக் கிடப்பதால் ஆறு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து காட்டுக்குள்ளும் புல்வெளிக்குள்ளும் அலைகிறது. பனியூழி முடிந்து உருகிய நீர் விட்டுப்போன மணல்மேட்டுக்கு இடையில் ஆறு தானாகப் பிரிந்தது ஒரு பாதி. பல தலைமுறையாக மனிதர்கள் வெட்டிய வாய்க்கால்கள் மறுபாதி. 1991 முதல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக வைத்திருக்கிறது. பரப்பு 475 சதுர கிலோமீட்டர். வருகிறவர்கள் எல்லாரும் இதை வெனிஸ் என்று புகழ்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெனிஸில் ஏது வைக்கோற்போர்?

பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் மதகுக் கதவுகளைப் பார்த்தவன் என்பதால், படகு கிளம்பிய பத்தாவது நிமிடத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சின்ன மதகோ தடுப்பணையோ இருக்கிறது. எந்த வாய்க்காலில் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் கணக்குப் பார்த்துத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறார். காடு என்று நாம் வாயைப் பிளந்து பார்ப்பது, உண்மையில் மிக நுட்பமாகப் பராமரிக்கப்படும் ஒரு பாசனப் பகுதி. இதைச் சொன்னபோது கமலா, "வந்த இடத்திலும் ஆபீஸ் வேலையா" என்றாள்.

படகு தட்டையான அடிப்பாகம் கொண்டது. முன்பெல்லாம் மரத்தில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் அலுமினியம். படகுக்காரர் பின்புறம் நின்றுகொண்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட ஒரு மரக்கழியை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ளுகிறார். துடுப்பு கிடையாது, பெரும்பாலான வாய்க்கால்களில் மோட்டாருக்கும் அனுமதி கிடையாது. கழி தண்ணீரைவிட்டு வெளியே வரும்போது அதன் நுனியிலிருந்து சொட்டும் துளிகளின் ஓசையைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. இருபுறமும் ஆல்டர் மரங்கள். வேர்கள் தண்ணீருக்குள்ளேயே நின்றாலும் அழுகாத மரம் இது. இலைகள் பழுத்துத் தண்ணீர்மேல் விழுந்து, ஓட்டமே இல்லாததுபோல் தெரிந்த நீரில் மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு திருப்பத்தில் சாம்பல் நாரை ஒன்று எங்களைப் பார்த்துவிட்டும் எழுந்து பறக்காமல் நின்றது. பேசுவதற்கே கூச்சமாக இருந்த ஒரு மணி நேரம் அது.

லேடே என்ற சிற்றூருக்குப் போனோம். பல வீடுகளுக்குத் தெரு என்பதே வாய்க்கால்தான். தபால் இலாகா 1897 முதல் இங்கே படகில் தபால் கொண்டுபோகிறது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மஞ்சள் படகில் ஒரு தபால்காரர் வீடு வீடாகக் கழியூன்றிப் போய்க் கடிதமும் பார்சலும் கொடுக்கிறார். நாங்கள் ஒரு மரப்பாலத்தின்மேல் நின்றபோது அந்தப் படகு கீழே போயிற்று. கடித மூட்டைக்குப் பக்கத்தில் மூட்டையைவிடப் பெரிய ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. சலவை எந்திரமாக இருக்க வேண்டும் என்று கமலா சொன்னாள், இல்லை என்று நான் சொன்னேன், இன்னும் முடிவாகவில்லை.

வீடுகள் முழுக்க மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியவை, கூரை நாணல் வேய்ந்தது. கூரையின் முகப்பில் இரண்டு பலகைகள் குறுக்காகச் சேரும் இடத்தில் இரண்டு பாம்புத் தலைகளைச் செதுக்கி, அவற்றுக்குக் கிரீடமும் வைத்திருக்கிறார்கள். வீட்டைக் காக்கும் பாம்பு அரசன் என்பது இங்கத்து நம்பிக்கை. ஈரநிலத்தில் வீட்டுக்குள் வரும் தண்ணீர்ப் பாம்பை யாரும் அடிப்பதில்லையாம். நம் ஊர் அரசமரத்தடி நாகர்களை நினைத்துக்கொண்டேன், நீயும் நினைத்திருப்பாய். வைக்கோற்போரையும் நட்ட நடுவே ஒரு கம்பத்தை நாட்டி, அடியில் கிளைகளைப் பரப்பி, அதன்மேல் ஏற்றுகிறார்கள். வெள்ளம் வந்தாலும் அடி நனையாது.

இனிச் சாப்பாடு. முதல் நாள் இரவு, தங்கிய வீட்டுக்கு அருகில் இருந்த சிறிய உணவு விடுதியில், சைவமாக என்ன இருக்கிறது என்று நான் சைகையாலும் கமலா ஆங்கிலத்தாலும் கேட்டதற்கு, பரிமாறும் அம்மாள் யோசிக்கவே இல்லை. தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் வெள்ளையாக ஒரு குவியல், அதன் நடுவில் குழி செய்து ஊற்றிய மஞ்சள் எண்ணெய். வெள்ளைக் குவியலின் பெயர் க்வார்க்; தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் என்ன கிடைக்குமோ கிட்டத்தட்ட அது. எண்ணெய், ஆளி விதையை ஆட்டி எடுத்தது. பச்சையாகவேதான் ஊற்றுகிறார்கள், காய்ச்சுவதில்லை. ஆட்டிய சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். பழசானால் கசப்பு ஏறிவிடும். முதல் வாய்க்கு எனக்குப் புல் வாசனைதான் அடித்தது. நான்காவது வாய்க்குள் அதில் கொட்டையின் சுவை தெரிய ஆரம்பித்தது. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தூவியிருந்தார்கள். நான் ஒரு பச்சை மிளகாய்க்காக ஏங்கினேன், கமலாவோ அப்படியே இரண்டாவது தட்டு வாங்கினாள். ஏழை வீட்டுச் சாப்பாடாக இருந்தது இன்று இந்த வட்டாரத்தின் பெருமையாகிவிட்டது. நம் கம்பங்கூழுக்கு நடந்ததும் இதுதானே.

அருகில் ஷ்ட்ராவுபிட்ஸ் என்ற ஊரில் ஒரு காற்றாலை இன்னும் ஓடுகிறது. ஒரே ஆலையில் மாவரைக்கவும், எண்ணெய் ஆட்டவும், மரம் அறுக்கவும் தனித்தனிப் பகுதிகள். நாங்கள் போன நேரத்தில் எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நசுக்கிய விதையை வறுக்கும் வாசனை, எள்ளுருண்டைக்கு எள் வறுக்கும் வாசனைக்கு ரொம்ப தூரமில்லை.

மறுநாள் நான் மட்டும் மீன் சாப்பிட்டேன். ஆற்றுமீனின்மேல் வெண்ணெயும் பாலாடையும் சேர்ந்த வெள்ளைக் குழம்பு. மென்மையாக, ஒரு குற்றமும் சொல்ல முடியாதபடி, உப்புச் சப்பில்லாமல் இருந்தது. கூடவே குதிரைமுள்ளங்கி என்று ஒரு வேரைத் துருவி வைத்திருந்தார்கள். அது வேறு கதை. நாக்கைத் தொடாமல் நேராக மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவழைத்து, அரை நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோல் இறங்கிவிடுகிறது. கடுகு அரைத்த பச்சடிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்.

உனக்கென்று எழுத வேண்டிய பகுதி இதுதான். இந்த ஊர் முழுக்க வெள்ளரி. படகுத்துறை ஓரத்தில் மரப்பீப்பாய்களை வரிசையாக வைத்து விற்கிறார்கள்: உப்பு நீரில் புளிக்கவைத்தது, சோம்புக்கீரைக்கு உறவான டில் தழை போட்டது, கடுகு போட்டது, பூண்டு போட்டது. குதிரைமுள்ளங்கி, வெங்காயம், ஒவ்வொரு குடும்பமும் வெளியில் சொல்லாத இன்னும் ஏதோ ஒன்று. ஈரமும் இலைமக்கும் நிறைந்த இந்தக் கறுப்பு மண் வெள்ளரிக்கு ஒத்துப்போகிறது. வெள்ளரி பிறந்த மண் நம் இமயமலை அடிவாரம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. 1999 முதல் ஷ்ப்ரேவால்ட் வெள்ளரி என்ற பெயருக்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் சட்டத்தைப் படித்துப் பார்த்தால், புட்டியில் உள்ள காயில் எழுபது விழுக்காடு இந்த வட்டாரத்தில் விளைந்திருந்தால் போதும்; மிச்சம் எங்கிருந்து வந்தாலும் கேள்வியில்லை. இதைக் கேட்டதும் நீ சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது.

அறுவடை முடிந்த ஒரு வயலின் ஓரத்தில் விசித்திரமான ஒரு வண்டி நின்றது. நடுவில் டிராக்டர், இருபுறமும் விமானத்துக்கு இருப்பதுபோல் நீண்ட இறக்கைகள். பறிக்கும் ஆட்கள் அந்த இறக்கையில் மெத்தைமேல் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். வண்டி ஊர்ந்துபோகும்போது தரையில் படர்ந்த கொடியிலிருந்து இரண்டு கையாலும் காயைப் பறித்து முன்னால் ஓடும் பட்டையில் போட வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் நாள் முழுக்க இப்படி. வேலைக்கு வருவது போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும். உன் தோட்டத்தில் கயிறு கட்டிக் கொடியேற்றி, விடியற்காலையில் நின்றுகொண்டு பறித்த பெண்களை நினைத்தேன். முதுகு ஒடிவது என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான். உன்னிடம் வாங்கிய கம்பெனி ஏஜெண்டு, ஒரு நாள் பிந்திப் பறித்த காய் விரல் கனத்தைத் தாண்டிவிட்டது என்று மூட்டை மூட்டையாகக் கழித்துத் தள்ளினானே, அந்தக் காயெல்லாம் இங்கே வீணாவதில்லை. பழுக்கவிட்டு, தோல் சீவி, விதை நீக்கி, கடுகு சேர்த்துத் தனி ஊறுகாயாகப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் நீ அத்தனையையும் மாட்டுக்குப் போட்டிருக்க மாட்டாய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகைகள் எல்லாவற்றிலும் இரண்டு மொழி. லூபெனாவுக்குக் கீழே லுப்ன்யோவ் என்று எழுதியிருந்தது. இது சோர்பிய மொழி; இந்தப் பகுதியினர் தங்களை வெண்டியர் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். ஜெர்மானியர் வந்து நிலைப்பதற்கு முன்பே இங்கே குடியிருந்த ஸ்லாவிய மக்கள். அவர்கள் மொழியில் ஷ்ப்ரேவால்ட்டுக்குப் பெயர் ப்வோத்தா, அதாவது சதுப்பு. காடு என்று பார்த்தவன் வெளியாள், சேறு என்று பார்த்தவன் அதில் உழுதவன். நாஜி ஆட்சி 1937இல் இந்த மொழியைப் பொதுவெளியில் அடக்கியது. இப்போது பேசுகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். 1998இல் கோட்புஸ் நகரில் ஒரு மழலையர் பள்ளியில் முழுக்க அந்த மொழியிலேயே பேசி வளர்க்கும் முயற்சியைத் தொடங்கியிருக்கிறார்கள். முயற்சிக்குப் பெயர் 'வித்தாய்'. நல்வரவு என்று பொருளாம்.

கடைசி நாள் தண்ணீரின் நிறத்தைப் பற்றிக் கேட்டேன். சில வாய்க்கால்களில் கரையோரம் துருப்போல ஒரு செம்பழுப்பு படிந்திருந்தது. மூடிய அந்த அனல்மின் நிலையத்தின் கழிவோ என்று நினைத்தேன். காரணம் ஆற்றின் தலைப்பக்கத்தில் இருக்கிறது. லௌசிட்ஸ் பகுதியில் நூறு வருடத்துக்கு மேலாகப் பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியாகத் தோண்டுகிறார்கள். தோண்டிய மண்ணில் உள்ள இரும்பு காற்றுப்பட்டுக் கரைந்து ஆற்றில் வருகிறது. இது ஒரு தொல்லை. இதைவிடப் பெரிய வேடிக்கை என்னவென்றால், சுரங்கம் மூழ்காமல் இருக்க நிலத்தடி நீரை இறைத்து ஷ்ப்ரேயில்தான் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்; இத்தனை காலமும் கோடையில் இந்த வாய்க்கால்கள் வற்றாமல் நின்றதில் பெரும்பங்கு அந்த இறைத்த தண்ணீருக்கு உண்டு. 2038க்குள் நிலக்கரியை நிறுத்திவிட வேண்டும் என்று சட்டம். நிறுத்தினால் பம்பும் நிற்கும். வறண்ட கோடை மாதங்களில் ஆற்றில் சில இடங்களில் எழுபத்தைந்து விழுக்காடு வரை நீர் குறையலாம் என்று ஜெர்மனியின் கூட்டரசுச் சுற்றுச்சூழல் முகமை 2023இல் சொல்லியிருக்கிறது. காலிச் சுரங்கங்களை ஏரியாக்க அவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். இதற்கெல்லாம் கீழே கடைமடையில் பெர்லின் உட்கார்ந்திருக்கிறது, குடிநீருக்காக. தலைமடைக்காரன், நடுமடைக்காரன், கடைமடைக்காரன் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் கூட்டங்கள் எனக்கு அத்துப்படி என்பதால், அங்கே என்ன பேசுவார்கள் என்று மொழி தெரியாமலே என்னால் சொல்ல முடியும். நிலக்கரியை நிறுத்துவது சரிதான். நான் படகில் அனுபவித்த அந்த அமைதியின் பாதித் தண்ணீர் சுரங்கத்துப் பம்பு கொடுத்தது என்பது மட்டும், திரும்பி வரும் ரயிலில் மனத்தைவிட்டு அகலவில்லை.

ஆளி விதை எண்ணெய் ஊர் வந்து சேருவதற்குள் கெட்டுவிடும் என்பதால் வாங்கவில்லை. உனக்காக ஒரு புட்டி வெள்ளரி வாங்கிப் பெட்டியின் அடியில், கமலாவின் இரண்டு புடவைக்கு நடுவில் சுற்றி வைத்திருக்கிறேன். வழியில் உடைந்தால் என் பாடு திண்டாட்டம். தையில் வருகிறோம். கிலோவுக்கு நூற்றறுபது காய்க்கு மேல் நிற்கும் பொடிக்காய்தான் முதல் தரம் என்று உன்னை அவர்கள் ஆறு வருடம் ஆட்டிவைத்தார்களே, அந்தத் தராசைத் தூசி தட்டி வை. புட்டியை உன் வீட்டுத் திண்ணையில் திறந்து, எடைபோட்டு, இவர்கள் விற்பது எந்தத் தரம் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

தங்கச்சியையும் பேரப்பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சேது